முதல் குடம் வண்டிக்கு

பாய்க்காரத் தெருவோடு எனக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் ஒரு சண்டை. மண்காது என்கிற என் நில அளவை இயந்திரத்தை உருட்டிக்கொண்டு தண்ணிக் கம்பெனி கேட்டுக்கு முன்னால் வந்து நின்றிருந்தேன். நாலைந்து பெண்கள் ஒரு குடத்தோடு வந்தார்கள். என்னைக் கண்டுகொள்ளாமல் முழுக் குடத்தையும் கேட்டுக்கு முன்னால் ரோட்டில் கவிழ்த்தார்கள், கையெடுத்துக் கும்பிட்டார்கள், வந்த வழியே திரும்பிவிட்டார்கள். இயந்திரத்தின் சக்கரமும் என் செருப்பும் சேறாகிவிட்டன. கம்பெனிக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வேகமாக வந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் கத்தினார். நானும் என் பங்குக்குக் கத்தினேன். தண்ணீர் என்றாலே எங்கள் தொழிலுக்கு ஆகாது.

வெள்ளைச் சட்டைக்காரர்தான் முதலாளி. பெயர் கவியரசன். கேன் தண்ணீரும் லாரித் தண்ணீரும் விற்கிறவர். என்னைப் பார்த்ததும் நியாயம் கேட்க ஆள் கிடைத்துவிட்ட தெம்பு அவருக்கு வந்துவிட்டது.

"பாத்தீங்களா மேடம் கொழுப்ப? குழாய்ல தண்ணி வந்துருச்சாம். இனி என் தண்ணி வேணாமாம். அதச் சொல்லத்தான் எடுத்துக்கிட்டு வந்து என் வாசல்லயே ஊத்துறாங்க. நான் இங்க கம்பெனி வச்ச நாள்ல இருந்து இதே சோலியாத்தான் திரியிறாங்க."

குழாய் வறண்டு, பிறகு மறுபடி தண்ணீர் வரும் ஒவ்வொரு முறையும் இப்படி நடக்கிறதாம். கேட்டில் ஒரு பலகைகூட மாட்டியிருந்தார்: இங்கே தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் விற்கிற இடத்தில் இப்படி ஒரு பலகையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் அங்கே வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சேந்தமங்கை நகரத்தின் நடுவே ஒரு காலத்தில் சின்ன ரயில் ஒன்று ஓடியது. போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கி எங்கோ கப்பலேற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. பாதையின் மேல் ஊர் வளர்ந்துவிட்டது. கிடைத்த பழைய வரைபடங்களில் ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. இப்போது மாநகராட்சிக்கு அந்தப் பாதை தேவைப்பட்டது. ஐப்பசி பிறந்தால் ஊர் பாதி மூழ்கிவிடுகிறது. வெள்ளத்தை ஆற்றுக்குக் கொண்டுபோக ஒரு பெரிய வடிகால் வெட்ட வேண்டும். ரயில் போன நிலம் அரசாங்க நிலம். அதன் மேல் இருப்பது எதுவானாலும் ஆக்கிரமிப்பு. வழக்கு கிடையாது, நஷ்டஈடு கிடையாது. இடித்துவிட்டு வெட்டலாம்.

பாதை எங்கே போனது என்பதற்கு மண்ணே சாட்சி என்று மண்சாட்சிச் சட்டம் வந்த பிறகு என்னைப் போன்றவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பத்திரம் பொய்யாக இருக்கலாம், மண் பொய் சொல்லாது என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் இயந்திரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொள்ள பாய்க்காரத் தெரு முனையிலிருந்த கடைக்குத்தான் தினமும் போனேன். ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு பேட்டரி மாற்றிக்கொடுக்கிற கடை. நடத்துகிறவர் சங்கவி அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இறந்த பிறகு தனியாகக் கடையைப் பிடித்து நிறுத்தியவர். முதல் நாள் நான் கத்திய பெண்களில் அவரும் ஒருவர் என்பது கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. சூடாக டீ வாங்கிக் கொடுத்து, என் பெயர் நிறைமதி என்று தெரிந்ததும் மதி என்று சுருக்கிக்கொண்டு, இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"புள்ளைய வச்சுத் தள்ளுற வண்டி கணக்கா இருக்கு. இது எப்படி மதி, என்னைக்கோ போன ரயில இன்னைக்குச் சொல்லும்?"

"கனமா ஒண்ணு ஒரே பாதையில அதிர்ந்துக்கிட்டே போச்சுன்னா, அடியில இருக்கிற மண்துகள் எல்லாம் அது போன பக்கமா சாஞ்சு படுத்துரும்க்கா. மேல தார் போட்டாலும் வீடு கட்டினாலும் படுத்தது படுத்தபடிதான் கிடக்கும். இது உள்ள ஒரு சத்தத்த அனுப்பி, திரும்பி வர்ற சத்தத்தக் கேக்கும். என்ன கனம், என்ன வேகம், எந்தப் பக்கம் போச்சுன்னு எல்லாம் வந்துரும்."

"எங்க வீட்டுக்காரரு நடந்து போனதும் இருக்குமா?"

"ஒரு ஆள்னா பதியாதுக்கா. கூட்டம்னா பதியும்."

அவர் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். இதற்கு மறதியே கிடையாதா என்று கேட்டார். உண்டு, தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்தில் மண் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றேன். துகள்கள் ஊறி, உருண்டு, பழையபடி ஆகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இயந்திரம் வெறும் இரைச்சலைத்தான் கொடுக்கும்.

எனக்கு அந்தத் தொந்தரவு அவர் தெருவிலேயே காத்திருந்தது. ரயில் மேற்கேயிருந்து வந்த பாதை தெளிவாகக் கிடைத்தது. கிழக்கே போன பாதையும் கிடைத்தது. நடுவில் ஒரு துண்டு மட்டும் காணோம். அந்த இடத்தில் முன்பு கண்மாய் இருந்திருக்கிறது. தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகு கரை உடைந்து, சுற்றுவட்டாரம் முழுக்கப் பல வருஷம் தண்ணீர் நின்றிருக்கிறது. பிறகு மண் அடித்து மேடாக்கி வீடு கட்டிவிட்டார்கள். தண்ணீர் நின்ற இடத்தில் ரயிலின் நினைவு அழிந்து போயிருந்தது.

இப்படி இடைவெளி விழுந்தால் இரண்டு நுனியையும் நேர்கோட்டால் இணைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. கணினி இணைத்தது. கோடு பாய்க்காரத் தெருவின் ஒரு வரிசை வீடுகளை முழுதாக நீளவாக்கில் விழுங்கிவிட்டு மறுபக்கம் வெளியே வந்தது. சங்கவி அக்காவின் வீடு அந்த வரிசையில்தான் இருந்தது. தகரக் கூரையை எடுத்துவிட்டுப் போன கோடையில்தான் கான்கிரீட் போட்டிருந்தார். கான்கிரீட் காயாமல் இருக்க ஊற்றிய தண்ணீர்கூட கவியரசன் லாரியில் விலைக்கு வாங்கியது.

திட்டப் பொறியாளர் ஞானராஜ் சார் நல்ல மனிதர். கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். இடைவெளியின் இரண்டு நுனியிலும் ரயிலின் வேகம் குறைந்திருப்பதைக் காட்டி ஏன் என்று கேட்டார். கண்மாய்ப் பக்கம் ஈர மண், பயந்து மெதுவாகப் போயிருக்கும் என்று கணினி போட்டிருந்த காரணத்தையே நானும் சொன்னேன். மழைக்கு முன்னால் வரைபடத்துக்கு முத்திரை வைத்தாக வேண்டும், அந்த ஜனங்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது என்று அவர் என்னைப் பார்த்தார். அவருக்கே சொல்ல மனம் வரவில்லை.

நான்தான் போய்ச் சொன்னேன். சங்கவி அக்கா சத்தம் போடவில்லை, அழவில்லை. கையிலிருந்த பேட்டரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த எடத்துல மண்ணு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலக்கா. அங்க எல்லாம் அழிஞ்சு போச்சு."

"அப்ப மண்ணு சொல்லல. நீ சொல்லியிருக்கே."

விதி, சட்டம், கணினி என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதெல்லாம் வாயில் வரவில்லை. அந்த நேரத்தில் தெருவில் ஒரே ஆரவாரம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. சங்கவி அக்கா எழுந்தார். வீடு போகப்போகிறது என்று கேட்ட கையோடு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார். முதல் குடத்தை நிரப்பி, நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தண்ணிக் கம்பெனிப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். இந்தக் குழப்பத்திலும் அந்த ஆளை வம்புக்கு இழுக்க வேண்டுமா என்று கேட்டேவிட்டேன்.

அக்காவுக்கு நான் கேட்டது புரியவே இல்லை. "அந்தாளுக்கும் இதுக்கும் என்ன? இது வண்டிக்கு."

ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சொன்னார். முன்னொரு காலத்தில் ஒரு பெரிய பஞ்சம். கண்மாய் வறண்டு வெடித்துப் போனது. கிணறுகளில் தவளைகூட இல்லை. அப்போது இந்த வழியாகப் போன கரி எஞ்சினை ஓட்டியவர், ஸ்டேஷன் எதுவும் இல்லாத இந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினுக்கு வைத்திருந்த தண்ணீரைத் தெருவுக்குத் திறந்துவிட்டாராம். அந்தக் கோடை முழுக்க. அதற்குப் பிறகு வந்த கோடைகளிலும். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அதிலிருந்து தெருவுக்கு எப்போது புதுத் தண்ணீர் வந்தாலும் முதல் குடம் வண்டிக்கு. கல்யாணம் கட்டி வருகிற மருமகள்களுக்கு மற்றது சொல்லிக்கொடுக்கிறார்களோ இல்லையோ, இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம்.

"முன்னெல்லாம் உள்ளதான் ஊத்துவோம். வெறும் பொட்டல்தான அது. அந்தாளு வந்து சுவர எழுப்பிட்டாரு. அதான் கேட்டோட நின்னுக்கிறோம்."

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். "அக்கா, வண்டி இந்த எடத்துல மெதுவாப் போச்சா, நின்னுச்சா?"

"நிக்காம எப்படி மதி தண்ணி புடிக்கிறது?"

அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஒரு வண்டி நிற்பதற்காக வேகம் குறைப்பது வேறு, பயந்து மெதுவாகப் போவது வேறு. மற்ற ஸ்டேஷன்களில் அந்த ரயில் எப்படி வந்து நின்றது, எப்படிக் கிளம்பியது என்று என்னிடம் பதிவு இருந்தது. அதை வைத்து, மேற்கு நுனியிலிருந்து வண்டி எவ்வளவு தூரம் போய் நின்றிருக்கும், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் ஓடிக் கிழக்கு நுனிக்கு வந்திருக்கும் என்று கணக்குப் போடலாம். போட்டேன். இரண்டு தூரத்தையும் இரண்டு கயிறாக நினைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுப் பார்த்தால், நேர்கோட்டைவிடக் கயிறு நீளமாக இருந்தது. பாதை நேராகப் போயிருக்கவே முடியாது. வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் பாறை, அதனால் மறுபக்கம்தான் வளைந்திருக்க முடியும், பழைய கண்மாய்க் கரையை ஒட்டி. முடிச்சு போய் விழுந்த இடம் கவியரசன் கம்பெனியின் நடு மண்டபம்.

இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே வரும்போது இருந்த கனம் வெளியே போகும்போது எஞ்சினுக்கு இல்லை. மண்ணில் பதிவுகள் பருவம் பருவமாக அடுக்கிக் கிடக்கும்; இது கோடைக் கால அடுக்குகளில் மட்டும். பெயர் தெரியாத அந்த மனிதர் திறந்துவிட்ட தண்ணீரை மண் எடை போட்டு வைத்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞானராஜ் சார் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தார். சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் சட்டம் கணக்கை ஏற்றுக்கொள்ளாது. ஒன்று மண் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கண்ணால் பார்க்கிற மாதிரி பாதையில் கொட்டிய ஜல்லி கிடைக்க வேண்டும். மண் மறந்துபோன இடத்தில் தோண்டிப் பார்ப்பதற்கு நிலத்துக்குச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் நேர்கோடுதான்.

"யாரு மதி தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் குடுப்பா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. ஜல்லி கிடைத்துவிட்டால் கவியரசனின் கம்பெனியும் ஆக்கிரமிப்பாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய நிலம், கட்டிய கட்டடம், எதற்கும் ஒரு பைசா வராது. ஒரு தெருவைக் காப்பாற்ற ஒருவரைப் போய்க் கேட்பது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. பாதை போன இடத்தில் இருப்பவர்கள் எல்லாம் குற்றவாளிகள் என்று எழுதிவைத்த சட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம். ஆனால் அந்தச் சட்டத்தில்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். போய்க் கேட்டேன்.

கவியரசன் முழுவதையும் கேட்டார். குடத்தின் கதை வந்தபோது மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அது என்னைய இல்லையா?"

"இல்லைங்க. உங்கள அவங்க நெனைக்கவே இல்ல."

அதில் அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷமாகத் தெருவே தன்னைக் கரித்துக்கொட்டுகிறது என்று நினைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைத்தால்கூடப் போகாமல் இருந்திருக்கிறார். பிறகு எஞ்சினில் எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று கேட்டார். எடையைச் சொன்னேன். அவர் தொழில் அது. மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிட்டார். கிட்டத்தட்டப் பாதி லாரி என்றார். தண்ணீர் இல்லாமல் எஞ்சின் ஓடாதே, அவ்வளவையும் கொடுத்துவிட்டு அந்த ஆள் அடுத்த ஸ்டேஷனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்றும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"சரி, குடுத்தாரு. அவருக்கு என்ன கெடச்சுது?"

"ஒரு குடம் தண்ணி," என்றேன். வேறு என்ன சொல்வது?

சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "ஆளு செத்து மண்ணாப் போனதுக்கு அப்புறம் ரோட்டுல ஒரு குடம். நல்ல யாவாரம் மேடம். என்னால முடியாது. தள்ளுவண்டியில கேன் வச்சு வீடு வீடாப் போட்டு வந்தவன் நான். இந்தக் கட்டடத்த விட்டா எனக்கு ஒண்ணும் இல்ல."

எழுந்து வந்துவிட்டேன். அவரைத் திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

முத்திரை வைக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அளக்க வேண்டிய பாதையில் கிழக்கே ஒரு துண்டு பாக்கி இருந்தது. இடைவெளியைத் தாண்டினால் பாதை மேடேறும். பூங்காவுக்கென்று ஒதுக்கி, பூங்கா வராமல் வேலிக்கருவேல் மண்டிப்போன மேடு. மேட்டு உச்சியில்தான் அந்தக் காலத்தில் அடுத்த ஸ்டேஷன் இருந்திருக்கிறது, தண்ணீர்த் தொட்டியோடு. முந்தின நாள் தூறல் போட்டு நிலம் பதமாக இருந்தது. மேலாக இப்படி நனைவதால் ஒன்றும் கெட்டுவிடாது. மண்காதைத் தள்ளிக்கொண்டு ஏறினேன்.

கோடைக் கால அடுக்கில் விசித்திரமாக ஒரு பதிவு வந்தது. மேட்டில் ரயில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போயிருக்கிறது. அதோடு, தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும், வண்டிக்குப் பின்னாலும் காலடிகள். பெரும் கூட்டம். கணினி அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தது: கலவரம், கூட்டம் ரயிலைத் துரத்தியிருக்கிறது.

தண்ணீர் கொடுத்தவரையா துரத்தினார்கள்? பாதி லாரி போதவில்லை என்று மீதியையும் பிடுங்கப் போனார்களா? சங்கவி அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? மண் பொய் சொல்லாது என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பேசாமல் இறங்கிவிடலாம் என்று திரும்பியபோதுதான் ஈர மண்ணில் என் கால்தடங்களைப் பார்த்தேன். செருப்பு ஈரத்தில் வழுக்கியதால் கழற்றி இயந்திரத்தில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு தள்ளிக்கொண்டு வந்திருந்தேன். தடத்தில் முன்பாதம் மட்டும்தான் இருந்தது. விரல்கள் ஆழமாகப் புதைந்திருந்தன. குதிகால் எங்கேயுமே படவில்லை. அடிகள் நெருக்க நெருக்கமாக இருந்தன. கனமான ஒன்றை மேட்டில் தள்ளுகிறவளின் கால்கள் அவை. துரத்துகிறவர்களின் அடி எட்டி எட்டி விழும்.

இயந்திரத்தின் திரையை மறுபடி பார்த்தேன். அந்தக் கூட்டத்திலும் குதிகால் இல்லை. நெருக்க நெருக்கமான அடிகள். பெரிய பாதம், சின்னப் பாதம் எல்லாம் கலந்து. எல்லாம் மேட்டைப் பார்த்து. கொஞ்சத் தண்ணீரை வைத்துக்கொண்டு எஞ்சின் முக்கிக்கொண்டு ஏற, பாய்க்காரத் தெரு முழுக்கத் திரண்டு வந்து ரயிலைத் தள்ளியிருக்கிறது. சின்ன ரயில், நாலு பெட்டி. கொஞ்சம் நீராவியும் அத்தனை கைகளும் சேர்ந்தால் ஏறிவிடும். ஏற்றிவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் வாங்கிய ஒவ்வொரு நாளும்.

தெரு அதை மறந்துவிட்டது. வாங்கியதை நினைவு வைத்திருந்தார்கள், திரும்பக் கொடுத்ததை வைத்திருக்கவில்லை. வேலிக்கருவேல் முள்ளுக்கு நடுவே உட்கார்ந்து நான் அழுதேன். யாருக்கென்று தெரியாமல் நன்றி சொன்னேன், வாய்விட்டே சொன்னேன்.

நேராக கவியரசனிடம் போனேன். ஆபீஸில் இல்லை, லாரியை நிரப்பும் இடத்தில் நின்றிருந்தார். அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்களே, இதுதான் கிடைத்தது என்று திரையைக் காட்டினேன். விளக்கிச் சொன்னேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பி அந்தக் காலடிகளைப் பார்த்தார். பக்கத்தில் குழாயிலிருந்து தண்ணீர் லாரிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"போன மழைக்கு என் லாரி அந்தத் தெருவுக்குள்ள சேத்துல பதிஞ்சுருச்சு," என்றார். "லோடோட. தெருவே வந்து தள்ளுச்சு. பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாம். வழிய அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு எரிச்சல்ல தள்ளுறாங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லல நான். ஏறி உக்காந்து வந்துட்டேன்."

லாரி நிரம்பி வழிய ஆரம்பித்ததும் அவரே போய்க் குழாயை மூடினார். பிறகு ஞானராஜ் சாரின் எண்ணைக் கேட்டார்.

மறுநாள் காலையில் நடு மண்டபத்தில் கேன்களை ஒதுக்கிவிட்டுத் தரையை உடைத்தார்கள். சிமெண்ட் போனது, மணல் போனது, கண்மாய் வண்டல் வந்தது. வண்டல் நிறைய இருந்தது. ஞானராஜ் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கணக்கு தப்போ என்று நான் மனதுக்குள் மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்புறம் கடப்பாரை ஓரிடத்தில் ணங்கென்றது. ஒருவர் குனிந்து கையால் அள்ளிக் கொடுத்தார். கறுப்பாக, கூராக, ஒரே அளவில் உடைத்த ஜல்லி. வண்டல் மண்ணில் தானாக வந்திருக்க முடியாத கல். இன்னும் கொஞ்சம் தோண்டியதும் மக்கிப்போன கட்டை ஒன்றும், எஞ்சின் கரியின் கட்டிகளும் வந்தன. ஞானராஜ் சார் படம் எடுத்துக்கொண்டு, கவியரசனிடம் கையெழுத்து வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். பாய்க்காரத் தெரு வடிகால் வரைபடத்தின் கோட்டிலிருந்து விடுபட்டது.

தெருப் பெண்கள் எல்லாரும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். பலகைக்குப் பக்கத்தில், சங்கவி அக்கா முன்னால். சேதி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. வீடு தப்பித்தது என்று ஒருவரும் கூத்தாடவில்லை. உள்ளே ஒருவருடைய பிழைப்பு உடைந்து கிடப்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

கவியரசன் அவர்களை நோக்கி நடந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. இத்தனை வருஷத்தில் அவரும் சங்கவி அக்காவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே இல்லை.

"இனிமே தண்ணி வந்தா கேட்ல ஊத்தாதீங்க. அவரு நின்ன எடம் உள்ள இருக்கு. வந்து ஊத்துங்க. வேல ஆரம்பிக்கிற வரைக்கும் கதவு தொறந்தேதான் இருக்கும்."

சங்கவி அக்கா நன்றி என்று சொல்லவில்லை. அவரைத் தாண்டி உள்ளே, மண்டபத்தில் வரிசையாக நின்ற பெரிய பெரிய இயந்திரங்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்பக் கழட்டிக் கொண்டுபோறீக?"

அடுத்த வாரத்துக்குள் காலி செய்தாக வேண்டும், டவுனுக்கு வெளியே ஒரு கொட்டகை பார்த்திருக்கிறேன், ஆள்தான் சொல்ல வேண்டும் என்றார் கவியரசன்.

"ஆளெல்லாம் சொல்லாதீங்கண்ணே," என்றார் சங்கவி அக்கா. "நாங்க வாரோம்."